அரங்கம் முதலிலா, போட்டி முதலிலா? சிறு நகரத்தில் விளையாட்டுச் சுற்றுலாவை வளர்ப்பது குறித்து ஒரு கேள்வி

கேள்வி: கழகச்செயலாளர்

வணக்கம். ஒரு சிறு நகரத்தின் விளையாட்டுக் கழகத்தில் செயலாளராகப் பணியாற்றி வருகிறேன். எங்களிடம் இரண்டு கால்பந்துத் திடல்களும், ஓர் உள்ளரங்கமும், கேட்டால் திறந்துவிடக்கூடிய மூன்று பள்ளி மைதானங்களும் உள்ளன. நகரை ஒட்டிக் குன்றுகளும் காட்டுப் பாதைகளும் இருக்கின்றன. வெளியூர் அணிகளை வரவழைத்துப் போட்டிகள் நடத்தினால் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் வருமானம் கிடைக்கும், எங்கள் பிள்ளைகளும் நல்ல ஆட்டத்தை நேரில் காண்பார்கள் என்ற எண்ணத்தில் நகர நிர்வாகம் எங்களிடம் ஒரு திட்ட அறிக்கை கேட்டிருக்கிறது.

எங்கள் குழுவில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பத்தாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம் ஒன்றைக் கட்டினால்தான் பெரிய போட்டிகள் நம்மைத் தேடி வரும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். கையில் இருப்பதைக் கொண்டு சிறிய போட்டிகளை ஆண்டுதோறும் நடத்துவோம் என்பது மறுசாராரின் வாதம். நான் இரண்டாவது பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஆனால் என்னிடம் வலுவான சான்று இல்லை. சொல்லப்போனால், எதிரான அனுபவமே இருக்கிறது. சென்ற ஆண்டு 24 இளையோர் அணிகளை அழைத்து ஒரு நாள் கால்பந்துப் போட்டி நடத்தினோம். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். ஓர் அறைகூடக் கூடுதலாக நிரம்பவில்லை என்று விடுதிக்காரர்கள் சொன்னார்கள். மைதானத்தை ஒட்டிய தெருக்களில் வசிப்பவர்கள் வண்டிகளை எடுக்க முடியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள். எங்கே தவறினோம், அறிக்கையில் எதை முன்வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: திடல்காவலன்

இளையோர் போட்டிகளை ஏற்பாடு செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் போட்டியில் நடந்த தவறு அட்டவணையில்தான் இருக்கிறது. போட்டிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட எத்தனை பேர் எத்தனை இரவுகள் தங்கினார்கள் என்பதே ஊருக்கு வரும் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. காலையில் வந்து மாலையில் திரும்புபவர் ஒரு வேளை உணவுக்கும் வண்டி நிறுத்தவும் மட்டுமே செலவழிப்பார்.

அதே 24 அணிகளை மூன்று நாள்களுக்குப் பரப்பிப் பாருங்கள். நான்கு அணிகள் கொண்ட ஆறு பிரிவுகள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று லீக் ஆட்டங்கள். முதல் நாள் பிற்பகலில் ஒரு சுற்று, இரண்டாம் நாள் இரண்டு சுற்றுகள், மூன்றாம் நாள் காலிறுதி முதல் இறுதிவரை. உங்களிடம் ஐந்து திடல்கள் இருப்பதால் மிக நெருக்கடியான இரண்டாம் நாளிலும் ஒரு திடலுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வராது. 18 அணிகள் வெளியூரிலிருந்து வருகின்றன, ஓர் அணிக்கு 15 ஆட்டக்காரர்கள், 3 பயிற்சியாளர்கள் என 18 பேர் என்று வைத்துக்கொண்டால் 324 பேர். இரண்டு இரவுகளுக்கு 648 தங்கல்கள். ஆட்டக்காரர் ஒருவருக்கு வீட்டிலிருந்து ஒருவர் உடன் வந்தால் இன்னும் 540 சேரும். பார்வையாளர் அரங்கம் எதுவும் இல்லாமலேயே இந்த எண்ணிக்கை கிடைக்கிறது. பிள்ளைகள் ஆடும் போட்டியின் சிறப்பு, அவர்களுடைய குடும்பங்களே பார்வையாளர்களாக வந்துவிடுவதுதான்.

இதில் எளிதில் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. லீக் சுற்றில் தோற்ற அணிகள் இரண்டாம் நாள் இரவே கிளம்பிவிடும். சுவீடனின் கோதன்பர்க் நகரில் 1975 முதல் நடந்துவரும் கோதியா கோப்பைப் போட்டியில் இதற்கு அழகான தீர்வு வைத்திருக்கிறார்கள். பிரிவில் முன்னிலை பெற்றவர்கள் ஏ பிரிவு நாக் அவுட்டிலும், பின்தங்கியவர்கள் பி பிரிவு நாக் அவுட்டிலும் தொடர்ந்து ஆடுகிறார்கள். தோற்ற பிள்ளைகளுக்கும் வெல்வதற்கு ஒன்று மிஞ்சுகிறது, எனவே ஒருவரும் சீக்கிரமாக மூட்டை கட்டுவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் வரும் அந்தப் போட்டியை ஓர் உள்ளூர்க் கால்பந்துக் கழகம் நடத்துகிறது என்பதையும், கோடை விடுமுறையில் காலியாக இருக்கும் பள்ளி வகுப்பறைகளில் அணிகள் தங்குகின்றன என்பதையும் உங்கள் குழுவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நடுவர்களின் எண்ணிக்கையை இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். திடல்கள் போதுமானதாக இருந்தும் நடுவர்கள் இல்லாமல் அட்டவணை குலைந்த போட்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

பதில்: கணக்குநோட்டு

மேலே உள்ள நண்பரின் தங்கல் கணக்கு சரியானது. ஆனால் அதை அப்படியே பணமாக மாற்றி அறிக்கையில் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கழிக்க வேண்டியவை மூன்று உள்ளன. உள்ளூர்க் குடும்பங்கள் போட்டியின்போது செய்யும் செலவு, அவர்கள் வேறொரு வார இறுதியில் அதே ஊரில் செய்திருக்கக்கூடிய செலவு. அது புதிய வருமானம் ஆகாது. போட்டி நடக்காவிட்டாலும் உறவினரைக் காணவோ சுற்றிப்பார்க்கவோ வந்திருப்பவர்களின் செலவும் அப்படியே. மூன்றாவதாக, சீருடை அச்சிடுவது முதல் பந்தல் போடுவது வரை வெளியூர் நிறுவனங்களிடம் ஒப்படைத்தால் உள்ளே வந்த பணம் அன்றே வெளியேறிவிடும்.

போட்டிக்கு அஞ்சி வராமல் போகிறவர்கள் என்றும் ஒரு கூட்டம் உண்டு. 2012 ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் மொத்த எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டை விடக் குறைவாகவே இருந்தது. நெரிசலையும் விலையேற்றத்தையும் எண்ணி வழக்கமான பயணிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். உங்கள் ஊர் விடுதிகள் எந்த மாதத்தில் காலியாக இருக்கின்றனவோ அந்த மாதத்தில் போட்டியை வைத்தால் இந்த இழப்பு ஏறத்தாழ இல்லாமல் போகும். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் மாதத்தில் வைத்தால் ஒரு விருந்தினரை வெளியேற்றிவிட்டு இன்னொருவரை உள்ளே விட்டதாகவே ஆகும்.

அரங்கத்தைப் பொறுத்தவரை, 1976 ஒலிம்பிக் போட்டிக்காக மாண்ட்ரியல் நகரம் கட்டிய அரங்கத்தின் கடனை அடைத்து முடித்த ஆண்டு 2006. போட்டி நடந்தது பதினாறு நாள்கள். கடன் நீடித்தது முப்பது ஆண்டுகள். அளவில் உங்கள் திட்டம் மிகச் சிறியது என்பது உண்மைதான். ஆனால் ஆண்டில் பத்து நாள் நிரம்பும் அரங்கத்துக்கு மீதி நாள்களிலும் காவலும் மின்சாரமும் பழுதுபார்ப்பும் தேவைப்படும் என்பது எந்த அளவிலும் மாறாது. கூட்டம் வரும் நாள்களுக்கு மட்டும் தற்காலிக இருக்கைகளை வாடகைக்கு எடுப்பதே சிறு நகரத்துக்குப் பொருந்தும்.

அடுத்த போட்டியில் நான்கு தன்னார்வலர்களை நிறுத்தி, வருபவர்களிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை இரவு தங்குகிறீர்கள், இந்தப் போட்டி இல்லாவிட்டாலும் இங்கே வந்திருப்பீர்களா? நீங்களே சேகரித்த இந்தப் பதில்கள், பணம் வாங்கிக்கொண்டு வெளியார் தயாரித்துத் தரும் எந்த மதிப்பீட்டையும் விட நம்பகமானவை.

பதில்: நெடுந்தொலைவு

கால்பந்து நல்ல தொடக்கம்தான். ஆனால் கேள்வியில் குன்றுகளையும் காட்டுப் பாதைகளையும் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கால்பந்துத் திடல் எல்லா ஊரிலும் இருக்கும். அந்தக் குன்றுகள் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் லெட்வில் என்ற சுரங்க ஊர் இருக்கிறது. 1982-இல் அங்கிருந்தவர்களுக்கு வேலை தந்துகொண்டிருந்த பெரிய மாலிப்டினச் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் ஒருவரின் முயற்சியால் மலைப்பாதைகளில் நூறு மைல் ஓட்டப் போட்டி தொடங்கியது. ஓட்டத்தின் கால வரம்பு 30 மணி நேரம். ஒரு பகலும் ஓர் இரவும் நீளும் ஓட்டத்துக்கு வருபவர் ஊரில் தங்காமல் திரும்ப முடியாது. அந்தப் போட்டியின் வடிவத்திலேயே தங்கல் அடங்கியிருக்கிறது. முதல் ஆண்டு ஓடத் தொடங்கியவர்கள் 45 பேர்தான். இன்று உலகெங்கும் உள்ள நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் அந்தச் சிற்றூரின் பெயரை அறிவார்கள்.

நெதர்லாந்தின் விக் ஆன் சே சதுரங்கப் போட்டியும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அது சில ஆயிரம் பேர் வாழும் கடற்கரைக் கிராமம். 1968 முதல் ஆண்டுதோறும், கடற்கரைக்கு எவரும் வராத ஜனவரிக் குளிரில் அங்கே போட்டி நடக்கிறது. உலகின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் அதே கூடத்தில் நூற்றுக்கணக்கான பொது ஆட்டக்காரர்களும் தங்களுடைய பலகைகளில் ஆடுகிறார்கள். நட்சத்திரங்களைப் பார்க்க வருபவர் ஒரு நாளில் திரும்பிவிடுவார். தானும் ஆட வருபவர் நாள் கணக்கில் தங்குவார். சதுரங்கத்துக்குத் தேவை மேசைகளும் வெளிச்சமும் அமைதியும். உங்களிடம் உள்ளரங்கம் இருக்கிறது.

இவற்றை ஒரே முறை நடத்திவிட்டு விட்டிருந்தால் இன்று பேச எதுவும் இருந்திருக்காது. சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டமான வாசாலோப்பெட் 1922-இல் 119 பேருடன் தொடங்கியது. அதன் தொடக்க ஊரான சேலனிலும் முடிவிடமான மூராவிலும் உள்ள இரண்டு விளையாட்டுக் கழகங்களே இன்றும் அதன் உரிமையாளர்கள். உரிமை உள்ளூரில் இருந்தால் லாபமும் உள்ளூரில் தங்கும், அடுத்த தலைமுறையின் உழைப்பும் கிடைக்கும். உங்கள் போட்டியின் பெயரையும் உரிமையையும் எந்த விளம்பரதாரருக்கும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

பதில்: முதலுதவி

குன்று ஓட்டம் என்ற பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற பாறைக்காடு ஒன்றில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடத் தொடங்கினார்கள். கடும் ஏற்றம் கொண்ட பகுதியில், வண்டி எதுவும் எட்ட முடியாத உயரத்தில், திடீரென்று குளிர்காற்றும் மழையும் தாக்கின. காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயமாக்கப்படவில்லை. மெல்லிய உடையில் இருந்தவர்கள் உடல் வெப்பம் இழந்து சரிந்தார்கள். 21 பேர் உயிரிழந்தனர். ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைத் தம் குகைக்குக் கொண்டுசென்று தீமூட்டிக் காப்பாற்றினார். மீட்புப் பணி எட்டாத இடத்தில் அவர் இருந்தது தற்செயல்.

ஆகவே பாதையைத் தேர்ந்தெடுத்த பிறகு மருத்துவ ஏற்பாட்டை யோசிக்காமல், ஆம்புலன்சும் தூக்குப்படுக்கையும் எட்டக்கூடிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை இணைத்துப் பாதையை வரையுங்கள். வானிலை எந்த நிலையை எட்டினால் போட்டி நிறுத்தப்படும் என்பதையும், அந்த முடிவை எடுக்கும் ஒருவர் யார் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த ஒருவர் விளம்பரதாரருடன் பேச்சு நடத்துபவராக இருக்கக் கூடாது. கால்பந்துக்கும் வெயில் நேர இடைவேளையும் குடிநீரும் கட்டாயம்.

பதில்: பயிற்சியாளர்

அரங்கம் வேண்டும் என்று சொல்லும் உங்கள் குழுவினரை முற்றிலும் புறந்தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் விளையாட்டுக்கு எதுவுமே கட்டப்படவில்லை என்ற நீண்டநாள் ஏக்கம்தான் பல இடங்களில் அரங்கக் கோரிக்கையாக வெளிப்படுகிறது. போட்டி இல்லாத நாள்களிலும் உங்கள் பிள்ளைகள் பயன்படுத்தக்கூடியவற்றைக் கட்டுங்கள்: மழைநீர் வடியும் திடல், மாலைப் பயிற்சிக்கு மின்விளக்கு, பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை, தூய்மையான கழிப்பறை. வெளியூர் அணிகளின் பெற்றோர் அடுத்த ஆண்டும் வரலாமா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அந்தக் கழிப்பறையைப் பார்த்துத்தான். பெண்கள் அணிகளைப் பொறுத்தவரை இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

மைதானத்தை ஒட்டிய தெருவாசிகளுக்குச் சாலை மூடப்படும் நேரத்தை வீடு வீடாகச் சென்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களில் சிலரை ஏற்பாட்டுக் குழுவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கழகச்செயலாளர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை குழுக் கூட்டத்தில் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். மாண்ட்ரியல் கணக்கை விட, தோற்ற அணிகளுக்கான பி பிரிவு நாக் அவுட் பற்றிய பத்திதான் எல்லோரையும் அசைத்தது. சென்ற ஆண்டு முதல் ஆட்டத்திலேயே வெளியேறி, பேருந்துக்காகத் திடலோரம் காத்திருந்த பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

அறிக்கையிலிருந்து அரங்கத்தை நீக்கிவிட்டு, வடிகால், மின்விளக்கு, உடைமாற்றும் அறைகள், கழிப்பறைகள் ஆகியவற்றைச் சேர்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். அரங்கத்தை ஆதரித்தவர்களே அந்தப் பட்டியலை எழுதித் தந்தார்கள். மூன்று நாள் இளையோர் கால்பந்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதை விடுதி உரிமையாளர்களைக் கேட்டு முடிவு செய்ய அடுத்த வாரம் அவர்களைச் சந்திக்கிறோம். சதுரங்கப் போட்டிக்கு உள்ளரங்கத்தின் விளக்குகளை மாற்ற வேண்டியிருக்கும். குன்று ஓட்டத்தை இந்த ஆண்டு அறிவிக்கப்போவதில்லை. ஆம்புலன்ஸ் பணியாளர்களையும் அந்தப் பக்கத்துக் கால்நடை மேய்ப்பவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு, முதலில் அந்தப் பாதைகளை முழுவதுமாக நடந்து பார்க்கப்போகிறோம்.