டென்ட்ரிமர் வேலை செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல முனைவர் பட்ட ஆய்வுல இருக்கேன். புற்றுநோய் மருந்தையும் மரபணுவையும் ஒரே துகள்ல செல்லுக்குள்ள கொண்டுபோறதுதான் வேலை. எடுத்திருக்கறது பாமாம் டென்ட்ரிமர் (மரக்கிளை மாதிரி அடுக்கடுக்காப் பிரியற பாலிமர் மூலக்கூறு), நாலாம் தலைமுறை (தலைமுறைன்னா கிளை அடுக்கு); சுமார் 4.5 நானோமீட்டர் அகலத்துல, மேற்பரப்புல 64 அமீன் (நைட்ரஜன் உள்ள வேதித்தொகுதி) முனைகள்.

சிக்கல் அந்த அமீன்லதான். அதோட நேர்மின்சுமைதான் டிஎன்ஏவை இறுக்கிப் பிடிக்குது. அதேதான் நல்ல செல்லோட சவ்வையும் கிழிக்குது, ரத்தச் சிவப்பணுவையும் உடைக்குது. அசிட்டைல் தொகுதி ஏத்தி அமீன் முனையை மூடினா நச்சு குறையுது, ஆனா டிஎன்ஏ பிடி தளர்ந்துடுது. எத்தனை முனையை மூடினா ரெண்டும் ஒத்துவரும்? அனுபவப்பட்டவங்க சொன்னா பெரிய உதவி.

இன்னொன்னு, டாக்ஸோரூபிசின்ங்கற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்து. உள்ளே சும்மா அடைச்சா உப்புக் கரைசல்ல நிக்கமாட்டேங்குது. டயாலிசிஸ் பைக்கு (சின்ன மூலக்கூறை மட்டும் வெளிய விடற சவ்வுப் பை) வெளியில மருந்து கசிஞ்சு தண்ணி சீக்கிரமே செவந்துடுது. அதனால ஹைட்ரசோன் பிணைப்புல கட்டலாம்னு இருக்கேன். ரத்தத்தோட பிஎச் 7.4ல ஓரளவு தாங்கும், செல்லுக்குள்ள அமிலம் கூடுன எண்டோசோம்ல (செல் உள்ளே இழுத்த பொருளை வெச்சிருக்கற சின்னப் பை) அறுந்து மருந்தை விடும். இதைச் செஞ்ச அண்ணா, அக்கா யாராவது செய்முறை பகிர முடியுமாங்க?

ஈரோடு, சேலம், திருப்பூர்ப் பக்கம் ஜீட்டா பொட்டென்ஷியல் (துகளோட மேற்பரப்பு மின்சுமையைக் காட்டற அளவு) பாக்கற கருவியை வெளி மாணவர்களுக்கும் தர்ற ஆய்வகம் தெரிஞ்சாலும் சொல்லுங்க. கட்டணம் கட்டிடறேன், மாதிரியை நானே நேர்ல கொண்டாந்து தர்றேன்.