அப்பாவின் பழைய 386 கம்ப்யூட்டர்: பேட்டரி கசிந்து டிஸ்பிளே வரவில்லை, என்ன செய்யலாம்?

பாளை டிடிபி:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் அப்பா டிடிபி கடை வைத்திருந்தபோது ஓடிய 386 மெஷினை மச்சிலிருந்து இறக்கியிருக்கிறேன். விண்டோஸ் 3.1, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் எல்லாம் அதில் உண்டு. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, ஹார்டு டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்கிறது. ஆனால் பீப் இல்லை, திரையில் ஒரு எழுத்தும் இல்லை. மூடியைக் கழற்றினால் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் குட்டி உருளை மாதிரி ஒரு பேட்டரி, அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறது. அப்பா அமைத்த கல்யாணப் பத்திரிகைகளும் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்ட நோட்டீஸ்களும் அந்த டிஸ்கில்தான் இருக்கின்றன. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:
தம்பி, தூக்கியெல்லாம் போடாதீங்க. ஸ்விட்சையும் இனிமேல் போடாதீங்க. அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. தேதியையும், என்ன டிஸ்க் மாட்டியிருக்கு என்கிற மாதிரி செட்டப்பையும் ஞாபகம் வைக்க போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பார்கள். கசிந்து வருவது ஆசிட் இல்லை, காரம். அதனால் சோடா உப்பு போட்டுப் பிரயோஜனம் கிடையாது, வினிகர்தான் வேண்டும்.

பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷை வினிகரில் தொட்டு அந்த இடத்தை மெதுவாகத் தேயுங்க. அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் காயவிடுங்க. இனிதான் முக்கியமான வேலை. லென்ஸ் வைத்துப் பாருங்க, பச்சை மேல்பூச்சுக்கு அடியில் செம்புக்கோடு கறுத்து ஓடும். ஒவ்வொரு கோட்டையும் மல்டிமீட்டரில் பஸ்ஸர் வைத்துச் சோதிக்கணும். பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சிப் பெரும்பாலும் கீபோர்டு கன்ட்ரோலர். அதற்குப் போகிற கோடு அறுந்தாலே மெஷின் ஊமையாகிவிடும். அறுந்த இடத்தில் மெல்லிய எனாமல் கம்பியால் பாலம் போடலாம்.

போர்டைத் திரும்ப மாட்டும்போது பவர் சப்ளையிலிருந்து வரும் பி8, பி9 கனெக்டர் இரண்டிலும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்து வரணும். மாறினால் போர்டு போச்சு.

முத்துநகர்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. தூத்துக்குடி உப்புக்காற்றில் சாக்கெட்டில் உட்காரும் சிப்புகளின் கால்கள் கறுத்துவிடும். ரேமையும், மெஷினை முதலில் எழுப்பிவிடும் பயாஸ் சிப்பையும் ஒருதடவை எடுத்து மாட்டிப் பாருங்க. பவர் சப்ளைக்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்க. எங்கள் பக்கம் மச்சில் கிடந்த பெட்டி என்றால் கட்டாயம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே அதைத் திறக்காதீங்க, கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

பாளை டிடிபி:
ரொம்ப நன்றி. கன்ட்ரோலருக்குப் போகும் இரண்டு கோடுகள் அறுந்திருந்தன, கம்பி போட்டாச்சு. இப்போது பீப் வந்து மெமரி எண்ணுகிறது! அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஹார்டு டிஸ்க் தெரியவில்லை. யூஎஸ்பி அடாப்டரில் போட்டாலும் எடுக்கவில்லை. டிஸ்க் போய்விட்டதா அண்ணாச்சி?

வண்ணார்பேட்டை சர்வீஸ்:
அருமை தம்பி! டிஸ்க் போகலை என்றுதான் தோணுது. அந்தக் காலத்து டிஸ்க்குகளைப் பல யூஎஸ்பி அடாப்டர்கள் எடுக்காது. பேட்டரி போனதோடு செட்டப்பும் அழிந்திருக்கும், அவ்வளவுதான். டிஸ்க் மேல் ஒட்டிய லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கை இருந்தால் பயாஸ் செட்டப்பில், நாமே அளவு கொடுக்கும் டைப் 47 எடுத்து அதை அப்படியே அடிங்க. பேட்டரிக்கு, போர்டில் வெளிப் பேட்டரி மாட்டும் நாலு பின் இருந்தால் அதில் கொடுங்க. பழைய இடத்தில் லித்தியம் காசு பேட்டரியை நேராக வைக்கவே கூடாது, போர்டு அதை சார்ஜ் பண்ணப் பார்க்கும்.

டிஸ்க் கிடைத்ததும் வேறு எதையும் தொடாமல் முதலில் காப்பி எடுங்க. நோட்டீஸ் ஃபைல் மட்டும் போதாது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் அது, அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் ஃபோல்டரில் டிடிஎஃப் என்று முடியும் ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்க. எந்த ஃபான்டில் எதை அமைத்தார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்க.