காய்ச்சல் அடித்தவருக்குத்தான் எதிர்ப்பு சக்தி அதிகமா? லேசான கொரோனாவில் ஒரு சந்தேகம்

கோத்தகிரி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உறைபனிக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் கொரோனா வந்து போனது. யாரும் மருத்துவமனையில் சேரும் நிலை வரவில்லை. ஆனால் ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒரே அறையில் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்குள் அந்த நோய் காட்டிய வேறுபாடு எனக்கு விளங்கவில்லை. என் கணவருக்கு 102 டிகிரி காய்ச்சல், எழுந்து நிற்க முடியாத உடல்வலி. எழுபதைத் தாண்டிய என் மாமனாருக்கு மூக்கு ஒழுகியதோடு சரி. கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் தொற்று உறுதியானபோதும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

தொலைபேசியில் நலம் விசாரித்த உறவினர்களில் சிலர், காய்ச்சல் அடிப்பதே உடம்பு நன்றாகப் போராடுகிறது என்பதற்கு அடையாளம், மாத்திரை கொடுத்து அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார்கள். வேறு சிலர், மகளுக்குத்தான் எதிர்ப்பு சக்தி அதிகம், அதனால்தான் கிருமியால் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது அல்லவா? அறிகுறிகளை உண்டாக்குவது கிருமியா, உடம்பா? அறிகுறி இல்லாதவரிடம் வைரஸும் குறைவாகத்தான் இருக்குமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குன்னூர் நுண்ணுயிரியலாளர்

அம்மா, உங்கள் உறவினர்கள் இரு அணியாகப் பிரிந்து பேசினாலும், அறிகுறி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அதை வைத்து எதிர்ப்பின் பலத்தை அளந்துவிடலாம் என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் இருவரும் நிற்கிறார்கள். அந்த அனுமானம்தான் நிற்காது.

லேசான தொற்றில் அறிகுறிகளின் பெரும்பகுதி உடம்பின் எதிர்வினையால் வருவதுதான். வைரஸ் மூக்கின் உட்புறச் செல்களுக்குள் நுழைந்ததும், அச்செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. கூடவே எழும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்கள்) இரத்தத்தில் கலந்து, மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் வேதிப்பொருள் உருவாகத் தூண்டுகின்றன. அதனால் உடல் தனக்குரிய வெப்ப அளவை உயர்த்திக்கொள்கிறது. உங்கள் கணவருக்கு வந்த காய்ச்சலும் நடுக்கமும் இந்த வழியில் வந்தவை. உடல்வலிக்கும் சோர்வுக்கும் இன்டர்ஃபெரானுக்கும் உள்ள தொடர்பு, கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்தது: ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்ட காலத்தில், ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே நோயாளிகள் ஃப்ளூ காய்ச்சல் வந்தவர்களைப் போலப் படுத்துவிடுவார்கள்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம் தயாரித்த முத்தடுப்பூசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. கொல்லப்பட்ட கக்குவான் கிருமியும், தொண்டை அடைப்பான், இரணஜன்னிக் கிருமிகளின் நஞ்சு நீக்கிய இரண்டு நச்சுப்பொருள்களும்தான் இருக்கின்றன. ஆயினும் ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும் என்பது இந்த மலையில் பிள்ளை வளர்த்த எந்தத் தாய்க்கும் தெரியும்.

எல்லா அறிகுறியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. வாசனை தெரியாமல் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்னும் புரதம் நுகர்ச்சி நரம்புச் செல்களில் இல்லை, அவற்றுக்குத் துணை நிற்கும் செல்களில்தான் இருக்கிறது. அந்தத் துணைச் செல்கள் சேதமடைவதால்தான் மூக்கு அடைக்காமலே வாசனை போகிறது. பின்னர் அங்கே திரளும் அழற்சி அந்த இழப்பை நீட்டிக்கவும் கூடும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. லண்டன் இம்பீரியல் கல்லூரி தலைமையில், 18 முதல் 29 வயதுள்ள 36 தன்னார்வலர்களின் மூக்கில் வேண்டுமென்றே மிகச் சிறு அளவு வைரஸைச் செலுத்திக் கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. அவர்களில் 18 பேருக்குத் தொற்று நிலைத்தது; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அறிகுறிகள் தொடங்கின; வைரஸ் ஏறத்தாழ ஐந்தாம் நாளில் உச்சத்தை எட்டியது. வைரஸின் அளவுக்கும் அறிகுறியின் கடுமைக்கும் இடையே அங்கே தொடர்பு காணப்படவில்லை. அறிகுறியே இல்லாதவரிடமும் வைரஸ் ஏராளமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை நுழைந்தால் லைன் வீடுகளில் எழும் கூச்சலை வைத்து அந்த மாட்டின் எடையைக் கணிக்க முடியாது. யார் கண்ணில் முதலில் பட்டது, எந்த வரிசையில் பட்டது என்பதைப் பொறுத்தது அந்தக் கூச்சல்.

இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. அதே தன்னார்வலர்களில் சிலரின் செல்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையில், தொற்று வந்த வேகத்தில் மறைந்துபோனவர்களின் மூக்கில் எதிர்ப்புச் செல்கள் சீக்கிரமாகவே திரண்டிருந்தன என்றும், தொற்று நிலைத்தவர்களிடம் அவை தாமதமாக வந்தன என்றும் கண்டார்கள். இன்னொரு வியப்பு, அவர்களின் இரத்தத்தில் இன்டர்ஃபெரான் எதிர்வினை மூக்கில் எழுவதற்கு முன்பே எழுந்திருந்தது. மூக்கிலேயே, காலத்தோடு, சத்தமில்லாமல் முடிந்துவிடும் எதிர்ப்பும் எதிர்ப்புதான்.

கொடைக்கானல் வாசகர்

ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு மறுப்பு உண்டு. நோய் கடுமையாக வந்தவர்களிடம் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், அதிகம் என்று 2020லேயே செய்திகள் வந்தனவே? சீனாவின் வான்ஜோ மாவட்டத்தில் அறிகுறியற்ற 37 பேரை அறிகுறி உள்ளவர்களோடு ஒப்பிட்ட ஆய்விலும் அறிகுறியற்றவர்களின் ஆன்டிபாடி அளவு குறைவாகவே இருந்தது. அப்படியானால் காய்ச்சலில் படுத்தவருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று சொல்வதில் என்ன தவறு?

குன்னூர் நுண்ணுயிரியலாளர்

நல்ல மறுப்பு. அந்த ஆய்வு சொன்னது சரிதான். கடுமையான நோயில் ஆன்டிபாடி மிகுவதும் உண்மை. ஆனால் ஆன்டிபாடி திரள்வதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். முதல் நாள் காய்ச்சலை எழுப்புவது பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பு. ஆன்டிபாடியைத் தருவது பிறகு கற்றுக்கொள்ளும் எதிர்ப்பு. மேலும் ஆன்டிபாடி மட்டுமே கணக்கல்ல. 2020இல் சுவீடனில் நடந்த ஆய்வில், இரத்தத்தில் ஆன்டிபாடி தென்படாத, அறிகுறியற்ற அல்லது லேசான நோய் கண்ட சிலரிடமும் இந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் இருந்தன. கடுமையான நோயைத் தடுப்பதில் அச்செல்களின் பங்கு பெரிது என்பதால், காய்ச்சல் வராதவர் வெறுங்கையோடு நிற்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை.

உதகைச் செவிலியர்

கொள்கையை ஐயா சொல்லிவிட்டார். நான் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் மாமனாருக்குக் காய்ச்சல் வராததை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தடுப்பூசியும் முந்தைய தொற்றும் தந்த பழக்கத்தால் அவருக்கு நோய் மூக்கோடு நின்றிருக்கலாம். ஆனால் வயது ஏற ஏறக் காய்ச்சலை எழுப்பும் திறனே மங்கிவிடுவதால், முதியவர்களுக்கு நுரையீரல் வரை நோய் இறங்கினாலும் உடம்பு சுடாமல் இருப்பதுண்டு. அவர்களிடம் தெர்மாமீட்டரை நம்புவதைவிட, மூச்சின் வேகத்தையும், சாப்பாட்டில் மனம் செல்கிறதா என்பதையும், பேச்சில் குழப்பம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் விஷயத்தில் மலைவாசிகளான நாம் இரண்டு செய்திகளை மனதில் வைக்க வேண்டும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் 98 காட்டும் அதே ஆளுக்கு இங்கே 95, 96 காட்டுவது இயல்பு. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொள்வது உதவும். அடுத்து, விரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு, நெயில் பாலிஷ் இல்லாத விரலில், எண் நிலைக்கும் வரை பொறுத்துப் பாருங்கள். ஆறு நிமிடம் நடந்துவிட்டு அந்த எண்ணைப் பார்க்கும் நடைப் பரிசோதனை செய்வதானால் வீட்டுக்குள் சமதரையில் செய்ய வேண்டும். வாசல் மேட்டில் ஏறி இறங்கிவிட்டு மூச்சு வாங்குகிறது என்று பயந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்த பிறகு எண் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலும், 93க்குக் கீழே போனாலும் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதில் தவறில்லை. அது மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து வெப்பத்தையும் வலியையும் தணிக்கிறது. உறங்கி, தண்ணீர் குடித்து, நாலு வாய் கஞ்சி உள்ளே போக அது உதவுமென்றால் கொடுக்கலாம். ஆனால் எதிர்வினைதானே தொல்லை தருகிறது, அதையே அடக்கிவிடலாமே என்று எண்ணி, பழைய சீட்டில் இருக்கும் ஸ்டீராய்டை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் 2020இல் நடந்த ரெகவரி என்னும் மருந்துச் சோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது; ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் எதுவும் கிடைக்கவில்லை, தீங்கு நேரலாம் என்ற ஐயமே எழுந்தது.

கோத்தகிரி ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: மகளுக்கு ஏன் ஒன்றுமே வரவில்லை? மரபு காரணமாக இருக்குமா? இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், அறிகுறி இல்லை என்பதற்காக அவளை விடுதிக்கு அனுப்பலாமா?

குன்னூர் நுண்ணுயிரியலாளர்

மரபுக்கும் பங்கு உண்டு. எச்எல்ஏ-பி 15:01 என்னும் மரபணு வகையின் இரண்டு பிரதிகளைக் கொண்டவர்கள் அறிகுறியற்றவர்களாக இருக்கும் வாய்ப்பு எட்டு மடங்குக்கும் மேல் என்று 2023இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சாதாரணச் சளியைத் தரும் பழைய கொரோனா வைரஸ்களைச் சந்தித்துப் பழகிய டி செல்கள் புதிய வைரஸையும் அடையாளம் கண்டதே காரணம் என்றார்கள். ஆனால் அந்த முடிவு ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து பெறப்பட்டது. உங்கள் மகளுக்கு அதைப் பொருத்திப் பார்க்க இடமில்லை. தடுப்பூசி, முன்பு தெரியாமல் வந்துபோன தொற்று, இளமை ஆகியவையே போதிய விளக்கம்.

விடுதிக்கு அனுப்புவது கூடாது. அறிகுறி இல்லாதவரும் பரப்புவார். முன்பே எதிர்ப்பு பெற்றவர்களுக்கு இப்போதெல்லாம் தொண்டை கரகரப்பு முதலில் வந்து, வைரஸ் அதற்கும் சில நாள் கழித்தே உச்சத்தை எட்டுகிறது; ஆகையால் முதல் நாள் வீட்டில் செய்யும் ரேபிட் டெஸ்ட் இல்லை என்று காட்டினாலும், இரண்டு நாள் விட்டு மறுபடி செய்து பாருங்கள். அதுவரை தாத்தாவின் அறைக்கு அவள் போக வேண்டாம். போக நேர்ந்தால் முகக்கவசம் அணிந்து, குளிர் அடித்தாலும் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.