கல்ச்சுரல் சேஃப்டி: ஏமமா, ஊறின்மையா?

(தமிழ்ச்சொல் தேடும் மூவரின் பேச்சு; ஒவ்வொருவரும் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்.)

அரூர்:
ரத்த ஆய்வுக்குப் போகிறவர்களுக்கான பயிற்சிக் கையேட்டில் 'கல்ச்சுரல் சேஃப்டி'க்குப் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று போடவேண்டாம். படிக்கிறவர் கூத்தும் கோயில் விழாவும் அழியாமல் காப்பது என்றே எடுத்துக்கொள்வார். இங்கே ஆபத்து ஆய்வாளரிடமிருந்து, கை நீட்டி ரத்தம் கொடுப்பவருக்கு. மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த கருத்து இது. நியூசிலாந்து செவிலியர் மன்றம் 1992இல் பாடத்தில் சேர்த்தது. பத்திரமாக உணர்ந்தாரா என்பதைச் சேவை பெறுபவர்தான் சொல்லவேண்டும். ஏமம் என்றால் காவல்; 'பண்பாட்டு ஏமம்' எனலாமா?

தேன்கனிக்கோட்டை:
நல்ல பழஞ்சொல்தான் ஐயா. ஆனால் அஞ்செட்டிப் பக்கம் படிவத்தை உரக்க வாசித்தால் 'ஏமம்' காதில் 'ஏமாத்து' என்று விழும். அதற்கப்புறம் யார் கையெழுத்துப் போடுவார்? ஊறு என்றால் தீங்கு; 'பண்பாட்டு ஊறின்மை' என் பரிந்துரை. 'ஊறிலா ஆய்வு' என்று பெயரடையாகவும் வளையும்.

ஊறு ஊசிக் காயத்தோடு முடிவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய்ப் பழங்குடி மக்கள் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தை மனச்சிதைவு, இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் எடுத்தாண்டார்கள். இடப்பெயர்வு முடிவு அவர்களுடைய தோற்றக்கதையோடு மோதியது. 2010இல் ஆய்வு நடத்திய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதி ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

தருமபுரி:
ஐம்புலன் வரிசையில் 'ஊறு' தொடுவுணர்வு ஆயிற்றே! 'ஊறிலா ஆய்வு' என்றால் தொடாமல் செய்யும் ஆய்வு ஆகிவிடாதா?

அரூர்:
'இடையூறு' புழங்கும்வரை அந்தக் குழப்பம் வராது. ஏமத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் சொல்லோடு விளக்கமும் போகவேண்டும். சித்தேரி மலையில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் சரி என்றால் மட்டும் போதாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி ஒவ்வொருவரிடமும் தனித்தனி ஒப்புதல் வேண்டும். '5 மில்லி' என்று வாயால் சொன்னால் யாருக்கும் அளவு பிடிபடாது, ஒரு டீஸ்பூனைக் காட்டவேண்டும். மீதி ரத்தம் எங்கே போகும், எப்போது அழிக்கப்படும் என்பது படிவத்தின் முதல் பக்கத்திலேயே வரட்டும். சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கான சோதனை முடிவுகளைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்கக்கூடாது. ஒரு பெண்ணின் பெயர் வெளியே வந்தால், வந்த சம்பந்தம் அன்றோடு நிற்கும்.

தேன்கனிக்கோட்டை:
அப்படியானால் கையேட்டின் 'நோய் சுமப்பவர்' முதலில் போகட்டும். கேரியருக்கு, அதாவது மாறிய மரபணு தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவருக்கு, பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது. அந்தச் சொல்லே ஊறு. 'ஒற்றைக்கூறு உடையவர்'?

தருமபுரி:
'ஒற்றை' என்றதும் குறை என்று நினைப்பார்கள். வேறு பாருங்கள்.