ரிஃப்ளெக்‌ஷன்ல கன்டெய்ன்ஸ் கூப்பிட்டா எர்ரர், அவசரம்

அரைப்புள்ளி:
ஃபில்டர் ஸ்க்ரீன். டேபிள்ல எந்தக் காலம்னு (column) யூசர்தான் தேர்ந்தெடுப்பார், அதனால ஒரு சரத்துக்குள்ள இன்னொண்ணு இருக்கான்னு பாக்கிற 'கன்டெய்ன்ஸ்' மெத்தடை ரிஃப்ளெக்ஷன்ல, அதாவது ப்ரோக்ராம் ஓடும்போதே பேரை வெச்சு எடுத்துக் கூப்பிடுறேன். போன வாரம் ஓடின கோடு, இப்ப எக்ஸெப்ஷன். பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காமலும் தேடணும். யாராவது?

வெற்றுச்சரம்:
எந்த மொழி? எக்ஸெப்ஷன் பேர்? எந்த வரி?

சின்னஎழுத்து:
ரெண்டு பக்கமும் சின்ன எழுத்தாக்குற டூலோயர் போடுங்க, வேலை முடிஞ்சுது.

மூத்தகுறி:
எர்ரரைப் படிக்காமலே ஒருத்தர் கேக்குறார், பாக்காமலே ஒருத்தர் பதில் சொல்றார். ஜோடி நல்லா இருக்கு.

அரைப்புள்ளி:
சாரி, சி ஷார்ப். கெட்மெத்தட்("கன்டெய்ன்ஸ்") வரியிலயே ஆம்பிகுவஸ்மேட்ச்எக்ஸெப்ஷன். கோடை மாத்தல. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7.2ல இருந்து டாட்நெட் 8க்கு மாறினோம், அவ்ளோதான்.

வெற்றுச்சரம்:
அதேதான் காரணம். 4.7.2ல ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துச் சரத்துக்கு) ஒரே ஒரு கன்டெய்ன்ஸ். டாட்நெட் கோர் 2.1ல அதே பேர்ல நாலாச்சு. பேரை மட்டும் கொடுத்தா எதை எடுக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. பாராமீட்டர் டைப்பையும் கொடுங்க:

கெட்மெத்தட்("கன்டெய்ன்ஸ்", நியூ[] { டைப்ஆஃப்(ஸ்ட்ரிங்), டைப்ஆஃப்(ஸ்ட்ரிங்கம்பாரிசன்) })

இன்வோக்ல தேடுற சொல்லோட, பெரிய சின்ன எழுத்து பாக்காத ஆர்டினல்இக்னோர்கேஸையும் அனுப்புங்க. டைப் பொருந்தலன்னா கெட்மெத்தட் கத்தாது, நல் (null, ஒண்ணுமில்லங்கிறது) திருப்பும். இன்வோக்ல நல்ரெஃபரன்ஸ் வந்தா இங்கதான் பாக்கணும்.

அடைப்புக்குறி:
டேட்டா மெமரியில இருக்கிற லிஸ்ட்லயா, இல்ல டேட்டாபேஸோட பேசுற ஈஎஃப் கோர் (என்டிட்டி ஃப்ரேம்வொர்க்) வழியாவா? ஈஎஃப்னா அந்த ரெண்டு ஆர்க்யுமென்ட் வடிவம் எஸ்க்யூஎல்லா மாறாது, இன்வேலிட்ஆபரேஷன் வரும். ஒத்தை ஆர்க்யுமென்ட்டே போதும், கேஸை (பெரிய எழுத்தா சின்னதாங்கிறதை) டேட்டாபேஸ் கொலேஷன், அதாவது அதோட ஒப்பீட்டு விதி பாத்துக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்னா கேஸ் பாக்காத ஐலைக்.

சின்னஎழுத்து:
அதான் டூலோயர்னேன், ஈஎஃப் அதை லோயரா மாத்திடும்.

மூத்தகுறி:
மாத்தும், வேகமா தேட உதவுற இன்டெக்ஸும் போயிடும்.

அடைப்புக்குறி:
நடுவுல தேடுற எஸ்க்யூஎல் லைக்ல, சொல்லுக்கு முன்னாடியே % நிக்குது, இன்டெக்ஸ் ஸீக் எப்படியும் கிடையாது. டூலோயர்ல நிஜக் குழி லிஸ்ட்ல தேடும்போதுதான்: டர்க்கிஷ் கல்ச்சர்ல (மொழி அமைப்புல) பெரிய ஐ (I), புள்ளியில்லாத சின்ன ஐ (ı) ஆயிடும். யூசர் சாதா ஐ (i) அடிச்சா சிக்காது.

மூத்தகுறி:
தமிழ் டேட்டாவுக்கு இதெல்லாம் எதுக்கு? நமக்கு ஏது பெரிய எழுத்து?

வெற்றுச்சரம்:
வேற வம்பு இருக்கே. 'மொழி'யில வர்ற ஒகரக் குறி ஒரே கோட்பாயிண்டாவும் (யூனிகோட் எண்ணாவும்) இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமா ரெண்டாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணு, எண்ணை மட்டும் ஒப்பிடுற ஆர்டினலுக்கு வேற வேற. ரெண்டு பக்கமும் நார்மலைஸ் பண்ணி, ஒரே வடிவமாக்கிட்டுத் தேடணும்.

அரைப்புள்ளி:
லிஸ்ட்தான். டைப் கொடுத்ததும் ஓடுது. நன்றி.

அடைப்புக்குறி:
மதிப்பே இல்லாத காலத்துக்கு (column) நல் செக் போட்டீங்களா?