டிரைவர் கதவு மட்டும் கீலெஸ்ல திறக்க மாட்டேங்குது, சாவியை மாத்தணுமா?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம் நண்பர்களே, என்னோடது பெட்ரோல் ஹேட்ச்பேக், புஷ் ஸ்டார்ட் மாடல், ஆறு வருஷம் ஆச்சு. கொஞ்ச நாளா டிரைவர் கதவு கைப்பிடில இருக்கற கறுப்பு பட்டனை அமுக்கினா திறக்கவும் இல்ல பூட்டவும் இல்ல, சாவி பாக்கெட்லதான் இருக்கு. சில நாள் ஒழுங்கா வேலை செய்யும், மழை பெஞ்சா சுத்தமா செத்துடுது. ஆனா சாவில இருக்கற ரிமோட் பட்டனை அமுக்கினா நாலு கதவும் திறக்குது, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகுது. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர்கூட மாட்டாம சாவி, கீலெஸ்ஸை நடத்தற கன்ட்ரோல் யூனிட் ரெண்டையும் மாத்தணும்ங்கறாங்க. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வண்டி இது, அவசரத்துல கதவோட மல்லுக்கட்ட முடியாது, யாராவது வழி சொல்லுங்க.

ரேஸ்கார்த்தி:
சாவி பேட்டரி மாத்திப் பாருங்க ப்ரோ, பெரும்பாலும் சிஆர் 2032ங்கற பட்டன் செல்தான் இருக்கும்.

வயரிங்அண்ணா:
தம்பி, பேட்டரி வீக்னா எல்லா கதவுலயும் மக்கர் பண்ணும், ஒரு கதவோட நிக்காது. பட்டனை அமுக்கினதும் கைப்பிடிக்குள்ள இருக்கற ஆன்டெனா சாவியைக் கூப்பிடும், அது 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கற சிக்னல், ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் எட்டும். அதைக் கேட்டு சாவி 433 மெகாஹெர்ட்ஸ்ல பதில் சொல்லும், நம்ம ஊர் வண்டி நிறையதுல அப்படித்தான். ரிமோட் பட்டனை அமுக்கினாலும் அந்த 433லதான் போகுது. ரிமோட் வேலை செய்யுதுன்னா சாவி அனுப்பறதும் வண்டி வாங்கறதும் நல்லாத்தான் இருக்கு, பிறகு எதுக்கு கன்ட்ரோல் யூனிட் வரைக்கும் போறாங்க?

இடது கதவு பட்டனையும் டிக்கி பட்டனையும் அமுக்கிப் பாருங்க. ரெண்டும் திறந்தா சாவி பூரா நல்லா இருக்கு. அப்புறம் டிரைவர் கதவைத் திறந்து வச்சுட்டு அந்தக் கறுப்பு பட்டனை அமுக்குங்க, கதவு திறந்திருக்குன்னு நிறைய வண்டி வெளில பீப் அடிக்கும். பீப் வந்தா சுவிட்ச் உயிரோட இருக்கு. அமுக்கிட்டே கதவை மெதுவா ஆட்டுங்க, வந்து வந்து போச்சுன்னா ஒயர்தான். ஒண்ணு கேக்கறேன், அந்தக் கதவு ஸ்பீக்கர் இல்ல பவர் விண்டோ எப்பவாவது சண்டித்தனம் பண்ணுதா?

மடிப்பாக்கம்வாசி:
அண்ணா, இடது கதவும் டிக்கியும் சரியா திறக்குது. டிரைவர் கதவை அகலமா திறந்தா பீப் வருது, பாதி சாத்தினா வரல. ஸ்பீக்கர் கரகரன்னு சத்தம் போட்டு நிக்கும், அதை தனிப் பிரச்சனைன்னு விட்டுட்டேன்.

வயரிங்அண்ணா:
ரெண்டும் ஒரே பிரச்சனைதான். கதவுக்கும் அது மாட்டியிருக்கற பாடித் தூணுக்கும் (பில்லர்) நடுவுல மடிப்பு மடிப்பா கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும், எல்லா ஒயரும் அதுக்குள்ளதான் போகுது, திறந்து சாத்தி அங்கதான் அறுபடும். வண்டி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ரப்பரை பின்னுக்குத் தள்ளிப் பாருங்க. மேல இன்சுலேஷன் முழுசா இருந்தாலும் நம்பாதீங்க, ஒவ்வொரு ஒயரா லேசா இழுங்க, உள்ள செம்பு அறுந்தது ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். முறுக்கி டேப் சுத்தி விட்டுடாதீங்க, மடியற இடத்துல ஜாயின்ட்டும் வேணாம். கொஞ்சம் நீளமா புது ஒயர் சேர்த்து, ஜாயின்ட் மடிப்புக்கு வெளில வர்ற மாதிரி போட்டு சூடு பண்ணினா சுருங்கிப் பிடிக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்க, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் செஞ்சுடுவார்.

அதுவரைக்கும் அம்மா விஷயத்துல பயப்படாதீங்க, சாவிக்குள்ளயே சின்ன இரும்புச் சாவி இருக்கு, வண்டி பேட்டரி இறங்கினாக்கூட அதுல கதவு திறக்கும். ரிமோட் பேட்டரி செத்தாலும் பெரும்பாலான வண்டில சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்டி வச்சு அமுக்கினா ஸ்டார்ட் ஆகும், சிலதுல வைக்கற இடம் வேற, மேனுவல்ல பாத்துக்கோங்க.

மடிப்பாக்கம்வாசி:
அண்ணா, நீங்க சொன்ன அதே இடம்! ரெண்டு ஒயர் அறுந்திருந்துச்சு, ஒண்ணுல செம்பு பச்சை பூத்துப் போயிருந்துச்சு, மழைல ஏன் படுத்துச்சுன்னு இப்பதான் விளங்குது. எலக்ட்ரீஷியன் ஒயர் சேர்த்துக் குடுத்தார், கதவும் ஸ்பீக்கரும் ரெடி. கண்ணாடி ஆட்டோவா மேல ஏற மாட்டேங்குது, அது மட்டும் என்னன்னு சொல்லுங்க.

வயரிங்அண்ணா:
பேட்டரி கழட்டினதால மறந்திருக்கும் தம்பி. முழுசா கீழ இறக்கி, சுவிட்சை மேல பிடிச்சபடியே ஏத்தி, மேல முட்டினதும் ரெண்டு மூணு செகண்ட் விடாம பிடிங்க. ஏறலன்னா மேனுவல்ல அந்த மாடலுக்கு தனி முறை போட்டிருப்பான்.