நூலக மலருக்கு எந்த எழுத்துரு? பலூ தம்பியா, வேறா?

பூங்கொடி:
எங்கள் ஊர் நூலகத்தின் பொன்விழா மலர் தயாராகிறது. 96 பக்கம், பெரும்பாலும் வாசகர்களின் நினைவுக் கட்டுரைகள். அட்டை, தலைப்பு, கட்டுரை எல்லாமே பலூ தம்பியில் இருக்கட்டும் என்று குழுவில் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைப் பலகை, யூடியூப் முகப்புப் படம், பிறந்தநாள் ஃபிளெக்ஸ், எங்கே பார்த்தாலும் அந்த உருண்டை எழுத்து. ஐம்பது வருஷ நினைவுகளை அதில் படித்தால் விளம்பரத் தாள் படிப்பது போலத்தான் இருக்கும்.

டிடிபி செல்வம்:
இருபது வருஷமாகப் பக்கம் கட்டுகிறேன்மா. எல்லா இடத்திலும் இருப்பது ஓர் எழுத்தின் குற்றமா? பழகிய எழுத்தில்தான் கண் தடுக்காமல் ஓடும். பலூ பிடிக்கவில்லையா, லதா எழுத்துருவைப் போடுங்கள். விண்டோஸ் 2000-இல் வந்தது, படிக்காதவர் யார்? புதுசாக எதையாவது எடுத்து, அச்சகத்துக் கணினியில் அது இல்லாமல் போனால் வரியெல்லாம் புரண்டுவிடும். அந்த இரவு வேலை எனக்குத்தான் தெரியும்.

பூங்கொடி:
அண்ணா, எழுத்துருவை உள்ளே பொதித்து பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் வரி புரளாது. நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரன் இரண்டுமே திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலூவின் தடித்த எழுத்தை 10 பாயிண்டில் அச்செடுத்துப் பார்த்தேன். ணகரத்தின் சுழிகள் அடைந்துபோய் ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று தேட வேண்டியிருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அது தலைப்புக்கென்று வரைந்த எழுத்து. கட்டுரையைச் சுமக்காது.

மெய்ப்புக்காரி:
சுழி விஷயத்தில் பூங்கொடி சொல்வது சரி, மெய்ப்புப் பார்க்கிற எனக்கு அந்த வலி தெரியும். ஆனால் ‘எல்லோரும் போடுகிறார்கள், அதனால் வேண்டாம்’ என்பதை ஏற்க மாட்டேன். நாளைக்கு நோட்டோவையும் எல்லோரும் போடுவார்கள், அப்போது அதையும் விடுவீர்களா? லதாவே போட்டாலும் வரி இடைவெளியைக் கவனியுங்கள். 11 பாயிண்ட் எழுத்துக்கு வரிக்கு வரி 13 பாயிண்ட் வைத்தால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘றீ’யும் முட்டும். 16, 17 கொடுங்கள். மேற்கோள்களைச் சாய்வெழுத்தாக்காதீர்கள். நம் எழுத்தில் அந்த மரபே இல்லை, மென்பொருள் சும்மா தள்ளிச் சாய்க்கிறது.

பூங்கொடி:
அக்கா, கூட்டத்தோடு போகக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. ஓர் எழுத்தை ஆயிரம் ஃபிளெக்ஸில் பார்த்த கண்ணுக்கு அந்த நினைப்பு கூடவே வரும். மலரில் மறைந்தவர்களுக்கான அஞ்சலிக் கட்டுரைகளும் இருக்கின்றன.

டிடிபி செல்வம்:
அஞ்சலி இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கட்டுரைகளுக்கு பலூ வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். சிறுவர் பக்கத் தலைப்பில் இருக்கட்டும், அங்கே அது பொருந்தும். லதாவை மட்டும் இன்னும் விடமாட்டேன். ஒரே கட்டுரையை லதா, நோட்டோ செரிஃப், கேட்டமரன் மூன்றிலும் 11-க்கு 16 வைத்து அச்செடுத்துத் தருகிறேன். பெயர் சொல்லாமல், காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களிடம் கொடுங்கள்.